பேர் கேட்கிற சிஸ்டர்

அந்த சிஸ்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்துக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுக்க ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைவேன். எங்கிருந்தாவது குரல் வரும்: "லேப் தம்பி, பேர் கேட்டியா?" கேட்டேன் சிஸ்டர் என்பேன். "நீ கேட்டது இருக்கட்டும். அவுரு சொன்னாரா?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் ஊசியை எடுப்பேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் காடாம்புலியூர்க்காரன். எங்கள் ஊரில் பலாவும் முந்திரியும் விளையும் அளவுக்கு வேலை விளையாது. லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு இங்கே வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சிஸ்டர் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஆண்கள் வார்டுக்கு இன்சார்ஜ். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமான வேகம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அவர் வார்டில் இருக்கிற நேரத்தில் மாத்திரை கொடுத்தாலும் ஊசி போட்டாலும் முதலில் வருகிற வார்த்தை "உங்க பேர் சொல்லுங்க" என்பதுதான். காலையில் கேட்டிருப்பார், மத்தியானம் கேட்டிருப்பார், சாயங்காலமும் கேட்பார்.

"ஏம்மா, காலையில தான சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று எரிந்து விழுகிறவர்கள் உண்டு.

"எனக்கு மறதி ஜாஸ்திங்க. நீங்க சொல்லுங்க" என்று சிரிப்பார். மறதியாவது ஒன்றாவது. எப்போதோ வந்துபோன நோயாளி எந்தக் கட்டிலில் படுத்திருந்தார், அவருடைய மருமகளுக்கும் மகளுக்கும் எதற்காகச் சண்டை என்பதுவரை நினைவு வைத்திருக்கிற ஆள் அவர்.

ஆஸ்பத்திரியோடு இந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. போன் எடுத்தால், யார் என்று திரையிலேயே தெரிந்தாலும், "யாரு பேசுறீங்க? உங்க பேர் சொல்லுங்க" என்பார். அவருடைய வீட்டுக்காரரே ஒவ்வொரு முறையும் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் என்ன குழம்பு என்று கேட்கவேண்டும். மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்குக் காபியை நீட்டியபடியே "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டாராம். பையன் அரண்டுபோய் இனிஷியலோடு சொன்னானாம். இதை அவரே சொல்லி, எங்களை முந்திக்கொண்டு அவரே சிரிப்பார்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் டியூட்டி டாக்டர் கேட்டார். இளவட்டம், அவசரக்காரர். "பேரைப் படிச்சு நீங்கதானான்னு கேட்டா முடிஞ்சுது. அவங்க ஆமான்னு சொல்லப்போறாங்க. ஏன் சிஸ்டர் இழுக்கிறீங்க?"

சிஸ்டர் அவரைக் கூட்டிக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். கிள்ளையிலிருந்து வந்த பெரியவர் படுத்திருந்தார். சாந்தமான மனிதர். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்கய்யா. நீங்கதான பிரசவத்துக்கு வந்திருக்கறது?"

"ஆமாம்மா" என்றார் பெரியவர், பணிவாக.

வார்டே சிரித்தது. என்னவென்று புரியாமல் பெரியவரும் சேர்ந்து சிரித்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா டாக்டர்? நம்ம ஜனங்க நாம எதைக் கேட்டாலும் ஆமாம்பாங்க. மரியாதைக்கு சொல்ற ஆமாம் அது. அதை நம்பி நான் ஊசி போட முடியுமா?" அதற்குப் பிறகு அந்த டாக்டரும் பேர் கேட்க ஆரம்பித்தார். நானும்தான்.

பழக்கம் என்கிற சொல்லே அவருக்கு ஆகாது. "எப்பவும் இப்படித்தான் செய்வோம் சிஸ்டர்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "எப்பவும்னா எப்பலேர்ந்து? யாரு செஞ்சு பாத்தது? என்ன ஆச்சு?" என்று பிடித்துக்கொள்வார். படுத்தே கிடக்கிற நோயாளியின் முதுகு சிவந்திருந்தால் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் நர்சுகள் வழிவழியாகச் செய்துவந்தது. அவரே இளமையில் அப்படித் தேய்த்தவர்தான். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை இன்னும் கெடும், திருப்பிப் படுக்க வைப்பதுதான் வழி என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே பவுடர் டப்பாக்களை எடுத்துவிட்டார். நோயாளிகளுக்குக் கோபம். "முன்னெல்லாம் நல்லா தேச்சி விடுவீங்க, இப்ப பொரட்டிப் போட்டுட்டு போறீங்க" என்று குறைப்பட்டார்கள். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்வார். நான் இதுவரை செய்தது தப்பு என்று நோயாளியிடமே சொல்கிற நர்சை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அந்த வகுப்பில் சொன்ன இன்னொன்றையும் புதிதாக வருகிற பெண்களுக்கு விரல் மடக்கிச் சொல்லித் தருவார். எதைச் செய்தாலும் மூன்றைப் பார்க்கணும். ஆராய்ச்சி என்ன சொல்லுது. நம்ம அனுபவம் என்ன சொல்லுது. பேஷண்ட் மனசுல என்ன இருக்கு. சொல்லி முடித்ததும், "இந்த மூணாவதுக்கு நமக்கு எங்கம்மா நேரம்? இருக்கிற ஆளுங்கள்ல பாதிப் பேரு வெளிநாட்டுக்குப் போயாச்சு" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். அப்போது அது வெறும் அலுப்புப் பேச்சாகத்தான் எங்கள் காதில் விழுந்தது.

கீரப்பாளையத்திலிருந்து கலியபெருமாளைக் கொண்டுவந்தார்கள். விவசாயி. முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கி, வயிறு புண்ணாகி, ரத்த வாந்தி. கீழே கேஷுவாலிட்டியில் பார்த்துவிட்டு எங்கள் வார்டுக்கு ஏற்றினார்கள். பேச்சு மூச்சில்லை. கையில் பேர் எழுதி ஒட்டியிருந்த பிளாஸ்திரி, வாந்தியைக் கழுவித் துடைத்ததில் ஈரம் பட்டு அழிந்துவிட்டது. இப்போது இருக்கிற மாதிரி கையில் மாட்டுகிற பட்டையெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்போது வரவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரம். கீழே பார்த்தவர்கள் கிளம்பிவிட்டார்கள், டாக்டர் தியேட்டரில். ஒரே மகன், பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் திரட்ட பைக்கில் போயிருந்தான். ரேஷன் அட்டை, போன், எல்லாம் அவனிடம். கூட இருந்தது பெண்சாதி மட்டும். பூங்காவனம் என்று பேர்.

ரத்தப் பை வந்துவிட்டது. கொண்டுபோனது நான்தான். ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதில் சிஸ்டர் கறார். சீட்டில் கலியபெருமாள் என்று இருந்தது. படுத்திருக்கிறவர் கலியபெருமாள்தானா என்று யாராவது சொல்ல வேண்டும்.

"அம்மா, இவுரு பேர் என்ன?" என்றார் சிஸ்டர்.

பூங்காவனம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எப்படிம்மா சொல்றது? பையன் வந்துருவான், சொல்லுவான்."

"பையன் வர்றவரைக்கும் தாங்காதும்மா. சொல்லுங்க."

"பெருமா கோயில் சாமி பேரும்மா."

சிஸ்டருக்குப் பக்கத்தில் நின்ற புது நர்சுக்குப் பதற்றம். அவசரத்தில் வாயை விட்டுவிட்டாள். "கோவிந்தசாமியா?"

"ஆமாம்மா, ஆமாம். அந்த சாமிதான்" என்றார் பூங்காவனம். அவர் முகத்தில் தப்பித்துவிட்ட நிம்மதி தெரிந்தது.

நான் பையின் சீட்டை மறுபடி படித்தேன். அடுத்த வார்டில் கோவிந்தசாமி என்று நிஜமாகவே ஒருவர் இருந்தார். அவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, வேறு வகை ரத்தம். படுத்திருப்பவர் யார்? கீழேயிருந்து ஆளை மாற்றி அனுப்பிவிட்டார்களா? சிஸ்டர் அந்தப் பெண்ணை ஒரு முறை முறைத்துவிட்டு பூங்காவனத்திடம் திரும்பினார்.

"கோவிந்தசாமிதானாம்மா? நல்லா சொல்லுங்க."

"எல்லாம் ஒரே சாமிதானம்மா."

புருஷன் பேரைச் சொல்லாத பெண்களை நான் எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். சாமியைச் சொல்வார்கள், கிழமையைச் சொல்வார்கள், வானத்தில் இருக்கிறதைக் காட்டுவார்கள். கேட்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டாகக்கூட இருக்கும். ஆனால் ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிற விளையாட்டை விளையாட முடியுமா? பெருமாளுக்கு ஆயிரம் பேர்.

"நானா ஒரு பேரு சொன்னா நீங்க அதுக்கும் ஆமாம்பீங்க" என்றார் சிஸ்டர். "உங்க வாயால வரணும்."

"பேர் சொன்னா அவுரு ஆயுசுக்கு ஆவாதும்மா. தாலி ஏறுனதுலேர்ந்து ஒரு நாளும் சொன்னதில்ல. என்னைக் கேக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"நீங்க சொல்லலன்னாதாம்மா அவுரு ஆயுசுக்கு ஆவாது. சொன்னாதான் இந்த ரத்தம் ஏறும். இல்லன்னா இப்படியே தொங்கிட்டிருக்கும்."

கடுமையாகத்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. பூங்காவனம் கட்டிலைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரின் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, காதோடு காதாக ஏதோ சொன்னார். எனக்கு உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். கலியபெருமாள்தான். ரத்தம் ஏறத் தொடங்கியதும் பூங்காவனம் புருஷனுடைய கால்மாட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவேயில்லை.

கலியபெருமாள் கண் திறந்தார். மறுநாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. போகும்போதும் வரும்போதும் பூங்காவனத்தைச் சீண்டுவார்.

"பாத்தீங்களா? பேர் சொல்லமாட்டேன்னு அந்த ஆட்டம் ஆடுனீங்க. பேர் சொன்னீங்க, மனுஷன் எந்திரிச்சி உக்காந்துட்டாரு."

பூங்காவனம் வெட்கப்பட்டு முந்தானையில் சிரிப்பார். "போங்கம்மா நீங்க வேற." கலியபெருமாளுக்கும் விஷயம் தெரிந்து, "எம்பேரு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேலி பேசினார். அந்த இரண்டு மூன்று நாள் அந்தக் கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாண வீட்டுக் களை இருந்தது.

அப்புறம் சிறுநீர் குறைந்தது. வருகிற ரிப்போர்ட்டுகள் எல்லாம் என் கையால் போனவைதான், ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம். வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரை கிட்னியையும் தின்றிருந்தது. ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, சரியான ரத்தம் சரியான ஆளுக்குத்தான் ஏறியது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை, அவ்வளவுதான்.

உடம்பை வேனில் ஏற்றும்போது பூங்காவனம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யார் யாரோ பிடித்துக்கொண்டார்கள். அழுகையின் நடுவே திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது. "என் வாயால சொல்லி அனுப்பிட்டேனே... பேரைச் சொல்லிட்டேனே..." எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சிஸ்டர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூடநம்பிக்கை சிஸ்டர், விடுங்க" என்றார் டாக்டர். சிஸ்டர் விடவில்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் டியூட்டி முடிந்ததும் என்னிடம் வந்தார். "உன் வண்டில கீரப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போறியா?"

பூங்காவனம் எங்களைக் கண்டதும் பாய் விரித்தார், மோர் கொடுத்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்த மாத்திரை என்ன செய்யும், கிட்னி எப்போதே கெட்டுப்போயிருந்தது, பேருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாட்சிக்கு என்னையும் இழுத்தார். ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று நானும் சொன்னேன். "அன்னிக்கு நான் வெளையாட்டா சொன்னேம்மா, பேர் சொன்னதால எந்திரிச்சாருன்னு. அது பொய்யி. பேர் சொன்னதால அவுரு எந்திரிக்கவும் இல்ல, பேர் சொன்னதால போவவும் இல்ல. புரியுதாம்மா?"

"ஆமாம்மா" என்றார் பூங்காவனம்.

"உங்க மேல தப்பே இல்ல."

"ஆமாம்மா."

வண்டியில் ஏறும்போது சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மரியாதைக்கு சொல்றாங்கப்பா."

பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். "ரூல் என்ன சொல்லுது? ஆள் யாருன்னு உறுதி பண்ணுன்னுதான சொல்லுது? நான் பேரைப் புடிச்சிட்டுத் தொங்கிட்டேன். எந்த ஊரு, பையன் பேரு என்ன, எத்தினி புள்ளைங்க, இதைக் கேட்டிருந்தா கடகடன்னு சொல்லியிருப்பாங்க. கேஸ் ஷீட்ல எல்லாம் இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாத்திருந்தா போதும். அது தோணல எனக்கு." கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, "வெளையாட்டுக்குன்னாலும் நான்தானப்பா முடிச்சி போட்டு வெச்சேன். பேர் சொன்னா பொழைப்பாருன்னு நான் சொல்லலாம்னா, பேர் சொன்னா போயிருவாருன்னு அவுங்க நெனைக்கக்கூடாதா?" என்றார்.

பவுடர் டப்பாவை ஒரே நாளில் தூக்கி எறிந்தவர் அவர். தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது. ஆனால் அன்று அவர் செய்தது தப்பு என்றும் சொல்லமுடியவில்லை, சரி என்றும் சொல்லமுடியவில்லை. அதுதான் அவரை அரித்தது என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து வார்டில் கேள்வி மாறியது. நினைவோடு இருக்கிறவர்களிடம் பழையபடி பேர். பெண்சாதி மட்டும் கூட இருந்தால், "இவுரு உங்களுக்கு என்ன வேணும்? எந்த ஊரு? மூத்த புள்ள பேரு என்ன?" புது நர்சுகள் யாராவது வாய் தவறி "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றால் அவர் குரல் உயர்ந்துவிடும். தரச் சான்று கொடுக்க வந்த குழுவில் ஒருவர், பேஷண்டை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று அவரைக் கேட்டார். பேரும் ஆஸ்பத்திரி நம்பரும் என்று சொல்லியிருந்தால் நல்ல மார்க் விழுந்திருக்கும். இவர் மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டு, பதில் சொல்கிறவர் மனசு நோகாமல் கேட்பதைப் பற்றி நீளமாகப் பேசினார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கையில் மாட்டுகிற பட்டைகள் வந்தன. சிஸ்டரின் முடி நன்றாக நரைத்துவிட்டது. நானும் கல்யாணம் செய்து, ஒரு பிள்ளைக்குத் தகப்பனானேன். சிஸ்டரைப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் பூங்காவனம் மறுபடி வந்தார், காலில் ஆறாத புண்ணோடு. சர்க்கரை.

ரத்தம் எடுக்கப் போன எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்துப் பாதியாகியிருந்தார். "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றேன். தலையை அசைத்தார். காது கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினேன். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் யாரென்று எனக்குத் தெரிந்தது.

"அம்மா யாரு பேரும் சொல்றதில்ல சார்" என்றான் மகன். "அப்பா போனதுலேர்ந்து அப்படித்தான். ஊர்ல ஒருத்தர் பேரும் வாயில வராது. என்னையே கூப்பிடறதில்ல. இந்தாப்பா, ஏப்பான்னுதான். எம்பொண்ணுக்குப் பேரு வெச்சு மூணு தடவை காதுல சொல்லச் சொன்னாங்க, எந்திரிச்சி கொல்லைக்குப் போயிடுச்சு. தம்பேரைக்கூட சொல்லாது."

சிஸ்டர் என் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் கையிலிருந்து டியூபை வாங்கினார். பட்டையைப் பார்த்தார். பிறகு எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, நோயாளியின் பேரை அவரே சொன்னார்.

"பூங்காவனம். கீரப்பாளையம். நான் சொல்றேன், எனக்குத் தெரியும். எடு."

பூங்காவனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது. "நீங்க சொல்லலாம்மா. என் வாயில வந்த பேரு தங்காது."

நான் ரத்தத்தை எடுத்து முடித்தேன். சிஸ்டர் போகவில்லை. கட்டிலில், பூங்காவனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வார்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது, யாரோ ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"எம்பேரைச் சொல்லுங்க."

பூங்காவனம் விழித்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன், நீங்க வீட்டுக்குப் போறவரைக்கும் தினமும் வந்து இங்கியே உங்க எதுர நிப்பேன். நீங்களே பாருங்க. அதுக்கப்புறம் உங்க புள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஒரே ஒரு தடவை." சொல்லிவிட்டு சிஸ்டர் தன் பேரைச் சொன்னார். அத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் அதை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். "சொல்லுங்கம்மா."

மகன் ஒரு அடி முன்னால் வந்தான். பூங்காவனத்தின் முந்தானை வாயிலிருந்து விலகியது. உதடு பிரிந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட்டுக்காக லேப் கவுன்டரில் நிற்கிறவர்களிடம் அந்தப் பார்வையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பூங்காவனம் கையை எடுத்து சிஸ்டரின் கன்னத்தில் வைத்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது.

"வேணாம்மா" என்றார். "உங்களுக்கும் புள்ளைங்க இருக்காங்கல்ல?"

சிஸ்டர் மறுபடி கேட்கவில்லை.